கறுப்பு கறுப்பாகவே இருக்கட்டும்: பறவைப் படங்களின் நிழலில் இருந்து இறகை மீட்பது

கரிச்சான், ஆண் குயில், அண்டங்காக்கை, நீர்க்காகம். இவற்றைப் படம் எடுப்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் எடிட் மென்பொருளில் இருட்டுப் பகுதியை வெளிச்சமாக்கும் ஷேடோ ஸ்லைடரை வலதுகோடிக்கு இழுத்துப் பார்த்திருப்பார்கள். இறகு தெரியும். கூடவே பறவை சாம்பல் பூசிய கரி மாதிரி வெளிறிப்போகும், இறகுக்கு நடுவே சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் முளைக்கும், வானத்தை ஒட்டிய ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். அந்தப் படத்தை எனக்கு அனுப்பி, "அண்ணாச்சி, இதை என்ன செய்யலாம்?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்லிவருவதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

நான் திருநெல்வேலியில் கல்யாணப் படம் எடுக்கிறவன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் நயினார்குளம், கூந்தன்குளம், தாமிரபரணிக் கரை என்று போய்விடுவேன். கறுப்பைக் கறுப்பாகக் காட்டுவதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. மணப்பெண்ணின் முகத்தை வெளுப்பாக்கித் தரச் சொன்னால் செய்து தரமாட்டேன். குயிலுக்கும் அதே நியாயம்தான். இறகின் அமைப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும், பறவையின் நிறம் மாறக் கூடாது. கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த இரண்டுக்காகத்தான்.

நிழலில் ஏன் சரக்கு குறைவு

சென்சார் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் பதிகிறது. 14 பிட் ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் அப்படியே தரும் கோப்பு) மொத்தம் 16,384 படிகள். அதில் பாதி, அதாவது 8,192 படிகள், மிகப் பிரகாசமான ஒரே ஒரு ஸ்டாப்புக்குப் போய்விடும். ஒரு ஸ்டாப் ஏறினால் வெளிச்சம் இரட்டிப்பு, இறங்கினால் பாதி. அடுத்த ஸ்டாப்புக்கு 4,096, அதற்கடுத்ததற்கு 2,048 என்று பாதி பாதியாகக் குறைந்து, எட்டாவது ஸ்டாப்புக்கு வரும்போது 64 படிகள்தான் மிஞ்சும். இலைமறைவில் உட்கார்ந்திருக்கும் குயிலின் வயிறு அந்தக் கடைசி ஸ்டாப்புகளில்தான் கிடக்கிறது.

இதைவிடப் பெரிய காரணம் ஒளித்துகள்களின் எண்ணிக்கை. ஒரு பிக்சலில் 10,000 ஒளித்துகள் பதிவானால் அதில் இயல்பாகவே இருக்கும் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது 1 சதவீதம். 100 துகள் மட்டும் பதிவானால் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். நாய்ஸ் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான். ஸ்லைடரை ஏற்றும்போது இறகோடு சேர்ந்து இந்த ஏற்ற இறக்கமும் பெரிதாகிறது.

ஜேபெக்கில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள் மட்டுமே. அதுவும் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்கியிருப்பார்கள். நிழலை ஏற்றினால் அந்தக் கட்டங்கள் மேலே வந்துவிடும். அரை ஸ்டாப், மிஞ்சினால் ஒரு ஸ்டாப், அதற்கு மேல் ஜேபெக்கிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். பறவை எடுக்கப் போகிறீர்கள் என்றால் கேமராவை ராவில் வைத்துவிடுங்கள்.

கேமராவிலேயே பாதி வேலை

நிழலைக் கெடுப்பது பெரும்பாலும் ஐஎஸ்ஓவை (பதிந்த வெளிச்சத்தைக் கேமரா பெருக்கும் அளவு) உயர்த்தப் பயப்படுவது. வேகமாகப் பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/2000 வினாடி, லென்ஸ் துளை எஃப் 6.3 என்று முடிவாகிவிட்டால், உள்ளே வரும் வெளிச்சத்தின் அளவும் அங்கேயே முடிவாகிவிட்டது. அதன்பிறகு ஐஎஸ்ஓவை 400இல் வைத்து இருட்டாக எடுத்து வீட்டில் இரண்டு ஸ்டாப் ஏற்றுவதும், அங்கேயே 1600 வைத்து எடுப்பதும் நாய்ஸ் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுதான். பல கேமராக்களில் 1600 வைத்து எடுத்த படம்தான் சுத்தமாக இருக்கும். ஐஎஸ்ஓவை உயர்த்துவதால் நாம் இழப்பது வெளிச்சப் பகுதியின் இடத்தை மட்டுமே. ஆகவே வெள்ளை எதுவும் எரியாத (விவரம் இழந்து வெறும் வெள்ளையாகிப் போகாத) வரை தைரியமாக உயர்த்துங்கள்.

வெளிறிய வானத்தின் முன்னால் மின்கம்பியில் கரிச்சான் உட்கார்ந்திருந்தால், மீட்டர் வானத்தைப் பார்த்துப் படத்தை இருட்டாக்கும். +1 முதல் +2 ஸ்டாப் வரை காம்பன்சேஷன் (மீட்டரின் கணக்குக்கு மேல் வெளிச்சம் கூட்டுவது) கொடுங்கள். வானம் வெள்ளையாகவே போனாலும் போகட்டும், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. இருண்ட புதரின் முன்னால் அதே கரிச்சான் என்றால் மீட்டர் நேரெதிராகத் தப்பும். காம்பன்சேஷனைக் குறைக்க வேண்டிவரும். கேமரா திரையில் காட்டும் ஹிஸ்டோகிராம், அதாவது வெளிச்ச அளவுகளின் வரைபடம், ஜேபெக் முன்னோட்டத்தை வைத்து வரைந்தது. பிக்சர் ஸ்டைலை நியூட்ரலில் வைத்தால் அது ரா கோப்புக்குக் கொஞ்சம் நெருக்கமாக வரும்.

இன்னொன்று, கறுப்பு இறகு தன் அமைப்பைக் காட்டுவதே மினுக்கத்தால்தான். காலை வெயில் தாழ்வாகப் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு இறகின் விளிம்பிலும் மெல்லிய ஒளிக்கீற்று ஓடும். நடுப்பகலில் அது இல்லை. இல்லாத கீற்றை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. மீட்பது என்கிற சொல்லுக்கு எல்லை இங்கேயே தொடங்குகிறது.

அரசமரத்துக் குயில்

இனி ஒரு படத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். பங்குனி மாதம், எங்கள் தெருமுனை அரசமரம். பழம் தின்ன வந்த ஆண் குயில். 600 மி.மீ., 1/640, எஃப் 6.3, ஐஎஸ்ஓ 1600. பறவை முழுக்க நிழலில். பின்னால் இலைகளுக்கு இடையே வானம் வெள்ளைத் துளைகளாகத் தெரிகிறது. அலகு வெளிர்பச்சை, கண் சிவப்பு, மற்றதெல்லாம் ஒரே கறுப்புத் திட்டு. அடோபியின் எடிட் மென்பொருளான லைட்ரூமில் திறந்திருக்கிறேன்; வேறு மென்பொருளிலும் வரிசை இதேதான்.

முதலில் நாய்ஸ். நிழலை ஏற்றிய பிறகு நாய்ஸை விரட்டப் போகாதீர்கள். மற்ற வேலைகளைத் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். 2023 ஏப்ரலில் லைட்ரூமுக்கு வந்த ஏஐ டீநாய்ஸ் ரா தரவின் மேலேயே வேலை செய்கிறது. தொடக்க அளவு 50 என்று இருக்கும். இறகுக்கு அது எனக்கு அதிகம். 30 முதல் 40க்குள் நிறுத்துவேன். அதற்கு மேல் போனால் தொண்டையின் மெல்லிய இழைகள் வழுவழுவென்று ஒட்டிக்கொள்ளும். இழை கரைந்த சுத்தத்தைவிடக் கொஞ்சம் பொரிப்பொரியான படமே மேல்.

அடுத்து ப்ரொஃபைல், அதாவது மென்பொருள் ரா கோப்பைப் படமாக்கும் அடிப்படை முறை. 'அடோபி கலர்' கொஞ்சம் கான்ட்ராஸ்ட்டோடு வரும். கறுப்புப் பறவைக்கு 'அடோபி நியூட்ரல்' வைத்துப் பாருங்கள். எந்த ஸ்லைடரையும் தொடாமலே நிழல் கொஞ்சம் திறந்துகொள்ளும்.

முழுப் படத்துக்கும் நான் தொடுவது வெள்ளைச் சமநிலை, எக்ஸ்போஷர், ஹைலைட், இவ்வளவுதான். இந்தப் படத்தில் எக்ஸ்போஷர் +0.3, ஹைலைட் −60. ஷேடோ ஸ்லைடரைத் தொடவில்லை. முழுப் படத்துக்கும் ஷேடோவை ஏற்றினால் இலைகளின் பின்னால் உள்ள இருட்டும் சேர்ந்து எழுந்து, பறவைக்குப் பின்புலமாக இருந்த ஆழம் போய்விடும். அந்த இருட்டுதான் குயிலை முன்னால் நிறுத்துகிறது.

பறவைக்கு மட்டும் மாஸ்க், அதாவது மாற்றம் அந்த இடத்தில் மட்டும் விழும்படி ஒரு தேர்வு. 'செலக்ட் சப்ஜெக்ட்' அழுத்தினால் பெரும்பாலும் சரியாகப் பிடித்துவிடும். ஆனால் அப்படியே நம்பாதீர்கள். ஓ விசையை அழுத்தி சிவப்பு மேற்பூச்சை வரவழைத்து, 100 சதவீதத்தில் ஓரம் முழுக்கச் சுற்றிவாருங்கள். அலகின் நுனி, விரல்கள், வால் இறகுகளின் இடைவெளி, குறுக்கே போகும் காம்பு, இந்த நான்கு இடங்களில்தான் தப்பும். என் படத்தில் மார்பின் குறுக்கே போன ஒரு காம்பையும் பறவையாகவே எடுத்துக்கொண்டது. சிறிய பிரஷ்ஷால் அதைக் கழித்தேன்.

இப்போது அந்த மாஸ்க்கை இன்னும் குறுக்க வேண்டும். பறவை முழுவதையும் ஏற்றினால் வெளிர் அலகும் முதுகின் மினுக்கமும் சேர்ந்து ஏறி எரிச்சலூட்டும். மாஸ்க்கில் 'இன்டர்செக்ட்' போய் லூமினன்ஸ் ரேஞ்ச் (வெளிச்ச அளவை வைத்துத் தேர்வது) எடுத்து, இருண்ட முனையை மட்டும் வைத்துக்கொண்டு, வெளிச்சப் பக்கத்தில் சரிவை நீளமாக விடுங்கள். சரிவு குட்டையாக இருந்தால் இறகில் திட்டுத் திட்டாகத் தெரியும்.

இந்த மாஸ்க்குக்குள் எக்ஸ்போஷர் +0.7, ஷேடோ +25. உடனே ப்ளாக்ஸ் −15. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மேலே ஏற்றியதை அடியில் ஒரு புள்ளியில் கட்டிப்போடுவது அதுதான். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு முழுப் படத்தின் ப்ளாக்ஸ் ஸ்லைடரை அசைத்தால் எங்கெங்கே முழுக் கறுப்பு என்று காட்டும். இறக்கைக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள மடிப்பு, காலிடுக்கு, வாலின் அடி ஆகிய இடங்களில் முழுக் கறுப்புப் புள்ளிகள் கொஞ்சம் இருக்கட்டும். ஒன்றுகூட இல்லையென்றால் பறவை வெளிறிவிட்டது என்று பொருள்.

பிறகு டெக்ஸ்ச்சர் +15. 2019இல் வந்த இந்த ஸ்லைடர் நடுத்தர நுண்மையை மட்டும் எடுப்பாக்குகிறது. இறகின் அளவுக்கு அது சரியாகப் பொருந்தும். கறுப்புப் பறவையில் விவரம் என்பது இருட்டின் அளவில் இல்லை, இருட்டுக்குள் இருக்கும் சின்னச் சின்ன ஏற்றத்தாழ்வில் இருக்கிறது. ஷேடோவை 25இலிருந்து 60க்குக் கொண்டுபோவதைவிட டெக்ஸ்ச்சர் 15 அதிக இறகைக் காட்டும். ஏற்றி இறக்கி நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். கிளாரிட்டி வேண்டாம், ஓரத்தில் வளையம் கட்டும். டீஹேஸும் நிழலில் நிறத்தைக் கெட்டியாக்கிவிடும்.

நிறம் இனிதான். ஏற்றிய நிழலில் அதுவரை தெரியாத நிறங்கள் வெளியே வரும். குயிலின் வயிறு பச்சையடித்தது. சுற்றியுள்ள இலைகளில் பட்டுத் தெறித்த வெளிச்சம் அது. முதுகு நீலமடித்தது, நிழலில் இருக்கும் எதன் மேலும் விழுவது நீல வானத்தின் வெளிச்சம்தானே. வயிற்றின் பச்சையைக் குறைக்க டிண்ட்டை மெஜந்தா பக்கம் கொஞ்சம் நகர்த்தி, சாச்சுரேஷனை −20 ஆக்கினேன். முதுகின் நீலத்தைத் தொடவில்லை. ஆண் குயிலின் இறகுக்கே நீலமும் பச்சையும் கலந்த மினுக்கம் உண்டு. அதையும் சேர்த்துக் கழுவிவிட்டால் அது குயில் இல்லை. அடி ஆழத்தில் செந்நீலம் மாதிரி ஒரு சாயல் பரவியிருந்தால் அங்கே தரவே இல்லை என்று அர்த்தம்; அந்த இடத்தை மறுபடியும் இருட்டாக்கிவிடுங்கள்.

கண்ணுக்குத் தனியாகச் சின்ன ரேடியல் மாஸ்க். எக்ஸ்போஷர் +0.3 போதும். குயிலின் சிவப்புக் கண்ணில் சிவப்புச் சானல் சீக்கிரம் நிரம்பிவிடும். நிரம்பினால் பாப்பாவைச் சுற்றிய வளையம் தட்டையான சிவப்புப் பொட்டாகிவிடும். சிவப்பு அதிகம் தேவையென்று தோன்றினால் சாச்சுரேஷனை ஏற்றாமல் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். கண்ணில் ஒளிப்புள்ளி விழவில்லை என்றால் விழவில்லை. பிரஷ்ஷால் வைக்கக் கூடாது. அது ஏற்றுவதோ இறக்குவதோ ஆகாது, இல்லாததைச் சேர்ப்பது.

கடைசியில் ஷார்ப்பனிங். ஆல்ட் விசையோடு மாஸ்கிங் ஸ்லைடரை இழுத்து, வெள்ளையாகத் தெரிவது இறகின் விளிம்புகள் மட்டுமே என்று வரும்வரை கொண்டுபோங்கள். இல்லையென்றால் நிழலில் மிஞ்சிய நாய்ஸும் கூராகிவிடும்.

வெள்ளையும் கறுப்பும் ஒரே உடம்பில்

நத்தைகொத்தி நாரை இன்னும் கடினம். உடல் வெள்ளை, பறக்கும் இறகுகள் கறுப்பு. வெயிலில் வெள்ளை எரியாமல் எடுத்தால் இறக்கையின் கறுப்பு பல ஸ்டாப் கீழே போய்விடும். இங்கே எக்ஸ்போஷரை வெள்ளைக்குத்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். எரிந்த வெள்ளை திரும்பி வராது. கறுப்புக்குள் கொஞ்சமாவது கிடக்கும். பிறகு லூமினன்ஸ் மாஸ்க்கில் கறுப்பை மட்டும் எடுத்து, மேலே சொன்ன அதே வரிசையில், இன்னும் சிறிய அளவுகளில் ஏற்றுங்கள். இறக்கையில் பச்சையும் ஊதாவுமாக ஒரு பளபளப்பு இருக்கிறது. அது எட்டிப்பார்க்கும் இடத்தில் நிறுத்திவிடலாம். இனப்பெருக்கக் காலம் முடிந்தால் இந்த நாரையின் உடல் சாம்பல்வெள்ளையாகிவிடும். அப்போது எடுத்த படத்தில் நிழல் விழுந்திருக்கிறது என்று நினைத்து அதை வெளுக்க வைக்காதீர்கள்.

ஆற்றுப் பாறையில் இறக்கை விரித்துக் காயும் நீர்க்காகத்துக்கும் இதேதான். இந்திய நீர்க்காகத்தின் முதுகில் வெண்கலச் சாயலில் செதில் செதிலாக இறகுகள், ஒவ்வொன்றுக்கும் கறுப்பு விளிம்பு. நிழலுக்குச் சாச்சுரேஷனைக் குறைக்கும்போது அந்த வெண்கலம் முதலில் போய்விடும். ஆகவே வயிற்றுக்கு ஒரு மாஸ்க், முதுகுக்கு ஒரு மாஸ்க் என்று பிரித்துவிடுவேன்.

வானத்தை ஒட்டிய வெள்ளைக் கோட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? ஷேடோ ஸ்லைடர் ஓரங்களைக் கணித்து வேலை செய்வது. கறுப்பும் வெள்ளையும் உரசும் இடத்தில் அந்தக் கணக்கு கொஞ்சம் வெளியே வழியும். பறவை மாஸ்க்குக்குள் ஷேடோவைக் குறைத்து அந்த அளவை எக்ஸ்போஷரில் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கோடு ஊதாவாகவோ பச்சையாகவோ இருந்தால் அது லென்ஸின் வேலை. அதற்கு டீஃபிரிஞ்ச் இருக்கிறது.

காசு செலவழிக்காமல்

கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் மாதச் சந்தா கட்ட முடியாமல் இந்த வேலையையே விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு டார்க்டேபிள் இருக்கிறது. இலவசம், திறந்த மூலம். அதில் உள்ள 'டோன் ஈக்வலைசர்' நிழல் மீட்புக்கு அருமையான கருவி. −8 இவியிலிருந்து 0 வரை ஒன்பது படிகள் (ஒரு இவி என்பது ஒரு ஸ்டாப்). எந்த இருட்டை எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லலாம். முதலில் எக்ஸ்போஷர் மாட்யூலில் மொத்த வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு டோன் ஈக்வலைசரின் மாஸ்கிங் தாவலுக்குப் போய், மாஸ்க் எக்ஸ்போஷர், மாஸ்க் கான்ட்ராஸ்ட் இரண்டின் பக்கத்திலும் உள்ள மந்திரக்கோல் குறியை அழுத்துங்கள். இதைச் செய்யாவிட்டால் படத்தின் எல்லா டோன்களும் ஓரிரு படிகளுக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும், ஸ்லைடர்கள் கேட்காது. செய்த பிறகு, எலிச்சுட்டியைக் குயிலின் மார்பின் மேல் வைத்துச் சக்கரத்தை உருட்டினால் அந்த அளவு இருட்டு மட்டும் ஏறும். பறவைக்கு வெளியே பரவாமல் இருக்க, அந்த மாட்யூலுக்கு ஒரு பாத் மாஸ்க் வரைந்து ஓரத்தைக் கொஞ்சம் மென்மையாக்குங்கள். எக்ஸ்போஷர் மாட்யூலில் இருக்கும் 'ப்ளாக் லெவல்' அளவைக் கறுப்பை ஆழமாக்கப் பயன்படுத்தாதீர்கள்; ஆழம் கொடுக்க ஃபில்மிக் அல்லது சிக்மாய்டு மாட்யூல் இருக்கிறது.

கைபேசி மட்டும்தான் என்றால் ஸ்னாப்சீடின் 'செலக்டிவ்' கருவி. பறவையின் மேல் புள்ளி வைத்து, இரண்டு விரலால் வட்டத்தைச் சுருக்கி, ப்ரைட்னஸையும் ஸ்ட்ரக்சரையும் கொஞ்சம் கூட்டலாம்.

பெயர் மாறிவிடக் கூடாது

நிறத்தில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்கு அழகைத் தாண்டிய காரணமும் உண்டு. குளிர்காலத்தில் நம் பக்கம் சாம்பல் கரிச்சான் வலசை வருகிறது. அது கருஞ்சாம்பல் நிறம், கண் நல்ல சிவப்பு. இங்கேயே இருக்கும் கரிச்சான் மினுங்கும் கறுப்பு, வாயோரத்தில் பெரும்பாலும் சின்ன வெள்ளைப்புள்ளி. கரிச்சான் படத்தில் ஷேடோவை 80க்கு ஏற்றினால் பார்ப்பவர் அதைச் சாம்பல் கரிச்சான் என்றுதான் பதிவார். பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் இபேர்டு தளத்தில் ஏற்றும் படமென்றால் அந்தத் தவறு ஒரு தரவாக மாறிவிடுகிறது. அடையாளத்துக்காக வாலடியோ இறக்கையடியோ தெரிய வேண்டுமென்றால், அதற்காக அதிகமாக ஏற்றிய பிரதியைத் தனியாக வைத்துக்கொண்டு, 'நிழல் அதிகம் ஏற்றியது' என்று குறிப்பில் எழுதிவிடுங்கள். போட்டிக்கு அனுப்புகிறவர்கள் ரா கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள். பெரிய இயற்கைப் போட்டிகளில் இறுதிச் சுற்றில் அதைக் கேட்டு ஒப்பிடுவார்கள்.

சில படங்களில் மீட்க ஒன்றுமே இருக்காது. சாயங்காலம் சூரியனுக்கு எதிரே, மொட்டைக் கிளையில் கழுத்தை வளைத்து நிற்கும் பாம்புத்தாராவின் உடலுக்குள் என்ன தேடுவது? ப்ளாக்ஸை இன்னும் இறக்கி உருவத்தை மட்டும் விடுங்கள். அந்தக் கழுத்தின் வளைவே போதுமான படம்.

வெளியே அனுப்பும் முன் திரையின் வெளிச்சத்தைக் கவனியுங்கள். லேப்டாப்பை முழு வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்தால் நிழல் போதுமென்று தோன்றும், அச்சில் பார்த்தால் இருட்டியிருக்கும். பாதி வெளிச்சத்துக்குக் குறைத்து, அறையில் மிதமான விளக்கோடு உட்காருங்கள். படத்தைத் திரையில் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் பறவை கறுப்பாகத் தெரிந்து, கண் எங்கே என்று உடனே பிடிபட்டால் சரி. பெரும்பாலான திரைகளுக்குப் பொருந்தும் எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் ஏற்றுமதி செய்து, கைபேசியில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

ஒரே தொடரில் எடுத்த படங்களுக்கு இந்த அமைப்புகளை அப்படியே சிங்க் செய்யலாம். சப்ஜெக்ட் மாஸ்க்கை ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகக் கணிக்கவைக்க வேண்டும். கையால் கழித்த காம்பு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். பறவை அசைந்திருந்தால் அந்தப் பிரஷ் கோட்டை அழித்து மறுபடி வரைந்துகொள்ளுங்கள்.